ஏழாவது பெயர்

குல்யாஷ் மூன்றாவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தபோது, போனின் மறுமுனையில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு பேர் அழவில்லை. மருத்துவமனையில் அவளோடு பதிவு மேசையில் உட்காரும் பெண், நாளைக்கு நீங்கள் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கீழ்வீட்டுப் பெரியவர் அவள் சொல்லி முடித்ததும் இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொண்டு கதவைச் சாத்தினார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று குல்யாஷ் நினைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் மூன்றாவதாகக் கிராமத்தில் இருக்கும் நாத்தனாரை அழைத்தாள்.

"எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காங்க அண்ணி?" என்று நாத்தனார் விம்மலுக்கு நடுவில் கேட்டாள்.

"இருபத்தொரு நாள்" என்றாள் குல்யாஷ். "இன்னியோட எட்டு ஆச்சு."

அழுகை இன்னும் பெரிதானது.

இருபத்தொரு நாள் என்பது போனில் நடக்கும் ஒரு பயிற்சி. 'விழிப்போடு வாழ்வோம்' என்று பெயர். தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் குல்யாஷ் யாரிடமும் கேட்காமல் அதில் சேர்ந்தாள். இனிமையான குரல் கொண்ட ஒரு இளம்பெண் தினமும் காலையில் ஒரு வீட்டுப்பாடம் தருவாள். முதல் வாரம் மூச்சு விடுவது, மெதுவாகச் சாப்பிடுவது என்று போனது. எட்டாம் நாள், நீங்கள் காயப்படுத்திய ஏழு பேரின் பெயரை எழுதி, ஒவ்வொருவரிடமும் வாய்விட்டு மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சொல்லாதீர்கள் என்றாள்.

அந்தப் பெண் எங்கே வளர்ந்தாளோ. அல்மாத்தியில் யாராவது ஒருவர் வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டு, என்மேல் ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் பொறுத்துக்கொள் என்று சொன்னால், ஒன்று அவர் மக்காவுக்குப் புறப்படுகிறார், இல்லை அதைவிடத் தூரமாகப் புறப்படுகிறார். குல்யாஷுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் மனம் முழுக்கப் பட்டியலின் ஏழாவது பெயரில் இருந்தது. மற்ற ஆறு பேரும் அந்த ஒரு பெயருக்கு ஏறிப்போக அவள் போட்டுக்கொண்ட படிகள்.

ஏழாவது பெயர் உல்பிகே, அவளுடைய அக்கா. தால்திகோர்கானில் இருக்கிறாள். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. உல்பிகேயின் மகன் கல்யாணத்தில் இறைச்சித் தட்டுகளை அடுக்கி அனுப்பும் பொறுப்பு குல்யாஷிடம் இருந்தது. எந்த எலும்பு வைக்கிறோம் என்பதில்தான் விருந்தாளியின் மரியாதை; அதில் தவறு நடக்கக் கூடாது. நடந்தது. பெண்ணின் தகப்பனாருக்கு வைக்க வேண்டிய இடுப்பெலும்பு அவர்களை ஏற்றிவந்த பஸ் டிரைவரின் தட்டில் போய் உட்கார்ந்தது. சம்பந்திக்கு ஒரு முதுகெலும்புத் துண்டு. அவர் அதைத் தொடவில்லை. உல்பிகே அன்றிலிருந்து தங்கையைத் தொடவில்லை. ஐம்பதாவது பிறந்தநாளுக்குக்கூட போன் வரவில்லை.

குல்யாஷ் நாத்தனாரைத் திரும்ப அழைத்து, இது பயிற்சி, வீட்டுப்பாடம், நான் நன்றாக இருக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினாள். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி அண்ணி. நீங்க சொல்லச் சொன்ன மாதிரியே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்ப வாட்ஸப் குழு அடங்கிப்போனது. காலை வணக்கம் இல்லை, பூப்படம் இல்லை, யாருடைய பேரக்குழந்தையும் எங்கேயும் தவழவில்லை. அவளைச் சேர்க்காமல் இன்னொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்பது குல்யாஷுக்குப் புரிய அரைமணி நேரம் ஆனது.

ஒன்பதாம் நாள் வீட்டுப்பாடம், ஒரு வருடமாகக் கை படாத பொருள் ஒன்றை மனமாரக் கொடுத்துவிடுவது. இதை வைத்தே நிலைமையைச் சரிசெய்யலாம் என்று அவள் நினைத்தாள். எதிர்வீட்டு ரௌஷானுக்கு அவளுடைய நரித்தோல் காலர் வைத்த கோட்டின் மேல் பல வருடமாக ஒரு கண். சிரித்துக்கொண்டே கொடுத்தால், சாகப்போகிற முகமா இது என்று அவளே ஊருக்குச் சொல்லிவிடுவாள்.

ரௌஷான் கோட்டை இரண்டு கைகளாலும் வாங்கினாள். காலரை முத்தமிட்டாள்.

"இதைப் போடறப்பல்லாம் உங்களை நினைச்சுக்குவேன்" என்றாள்.

"நான் எதிர்வீட்டுலதானே இருக்கேன் ரௌஷான்."

"ஆமா. எப்பவும் எதிர்லயேதான் இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு ரௌஷான் வேகமாக உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அவள் ஏழு எண்ணெய் ரொட்டிகளோடு வந்தாள். போய்ச் சேர்ந்தவர்களின் ஆத்மாவுக்கென்று வெள்ளிக்கிழமைகளில் சுடும் ரொட்டி அது. அன்று புதன்கிழமை. கேட்டதற்கு, சும்மாதான், கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்றாள்.

கணவன் கானிபெக் டிராலிபஸ் பணிமனையில் மெக்கானிக். நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அன்று சாயங்காலம் அவர் பால்கனிக் கதவைக் கழற்றிப் போட்டு இழைத்துக்கொண்டிருந்தார். நாலு குளிர்காலமாக மூடாத கதவு. அதற்கு முன் சமையலறையில் கிண்ணங்களைக் கழுவி வைத்திருந்தார்.

குல்யாஷ் வீட்டுப்பாடத்தைப் பற்றி மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

"தெரியும். சொன்னியே" என்றார் அவர்.

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உனக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?"

முப்பது வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. குளியலறைக் குழாயும் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது என்பது குல்யாஷுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. உண்மையை இன்னும் அழுத்திச் சொல்வதற்கு முன் அவள் ஒரு நாள் பொறுத்தாள்.

குழாய் சரியானதும் மனசாட்சி உறுத்தியது. தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே டாக்டரிடம் போய், தலையிலிருந்து கால் வரைக்கும் பாருங்கள் என்றாள். ரத்தம், இதயம், எக்ஸ்ரே எல்லாம் ஆனது. டாக்டர் சலித்துக்கொண்டே, பூரண ஆரோக்கியம் என்று எழுதி வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார். குல்யாஷ் அந்தத் தாளைப் படம் எடுத்து, அடங்கிக் கிடந்த குடும்பக் குழுவில் போட்டாள்.

பெரிய மாமா, நல்லது மகளே, என்று மட்டும் எழுதினார். நாத்தனார் ஒரு இதயம் அனுப்பினாள்.

என்ன நடந்தது என்று ரௌஷான்தான் இழுத்து இழுத்துச் சொன்னாள். பதிவு மேசையில் உட்காருகிறவளுக்கு ஒரு முத்திரை கிடைக்காதா என்று பேசிக்கொள்கிறார்களாம். நம்மை வருத்தக் கூடாதென்று பாவம் டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கியிருக்கிறாளாம். போதாததற்கு, எக்ஸ்ரே அறை வாசலில் அவள் வரிசையில் நின்றதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். அதுவரை சந்தேகத்தில் இருந்தவர்களும் அதோடு நம்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை சொந்தக்காரர்கள் ஒரு முழு ஆட்டோடு வந்தார்கள். மாமா எழுந்து, தான் உட்காரும் தலைமை இடத்தில் அவளை உட்கார வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து உப்பு அதிகம் என்று குறை சொல்லப்பட்ட அவளுடைய தக்காளி ஊறுகாயை ஒவ்வொருவரும் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்கள். குல்யாஷ் எழுந்து நின்று, எனக்கு எந்த வியாதியும் இல்லை என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு அத்தை எழுந்து வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

அவர்கள் போனபிறகு அவள் போனை எடுத்தாள். அக்காவின் எண்ணைப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

இனிமேல் கூப்பிடவும் முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. செய்தி தால்திகோர்கான் வரைக்கும் போயிருக்கும். இப்போது மன்னிப்புக் கேட்டால் அக்கா மன்னிக்கத்தான் செய்வாள். சாகக் கிடப்பவளை யார் மன்னிக்காமல் இருப்பார்கள்? ஆறு வருடம் காத்திருந்தது இந்த ஓசி மன்னிப்புக்கு இல்லை. பட்டியலில் ஏழாவது பெயரைக் கோடு போடாமல் விட்டுவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். கழுவ ஒன்றும் மிச்சமில்லை. கானிபெக் முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கதவு மணி அடித்தது. திறந்தால் உல்பிகே. பின்னால் இரண்டு பெரிய பைகளோடு அவளுடைய மருமகள் அகெர்கே. எந்தக் கல்யாணத்தில் எலும்பு தடம் மாறியதோ அந்தக் கல்யாணத்தின் பெண்.

குல்யாஷ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வழியை விடுடி. நாலு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம்" என்றாள் உல்பிகே. "டீ இருக்கா, இல்ல அதையும் யாருக்காவது தானம் பண்ணிட்டியா?"

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். உப்பு ஜாடியை இடம் மாற்றினாள், கத்தி மழுங்கல் என்று திட்டினாள், மாவு கொண்டுவா என்று மருமகளை ஏவினாள். மாமியார் எதிரில் வாய் திறக்காத பெண் அகெர்கே. ஓரமாக நின்று மாவைப் பிசைய ஆரம்பித்தாள். ஆறு வருடம் அந்தச் சமையலறையில் எங்கேயும் இல்லாதது போல இருந்தது. குல்யாஷ் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, அக்கா டீயை ஊதிக்கொண்டிருந்தபோது ஒரே மூச்சில் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்குத் தட்டைப் பாக்காம அனுப்பினது என் தப்பு. உன்னைத் தலைகுனிய வெச்சேன்."

உல்பிகே டீயை இன்னும் இரண்டு தடவை ஊதினாள்.

"சரி விடு" என்றாள். "அந்த டிரைவர் இன்னும் நம்ம குடும்பத்தைப் புகழ்ந்துட்டுத் திரியறானாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். இதோடு நிறுத்தியிருக்கலாம். பேசாமல் இன்னொரு கிண்ணம் டீ ஊற்றியிருக்கலாம். ஆனால் விழிப்போடு வாழ வேண்டும் என்று பதினான்கு நாளாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பேசாமல் விடும் பழக்கம் போய்விட்டது.

"அக்கா, எனக்கு ஒரு வியாதியும் இல்ல" என்றாள். "யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, நீயாவது நம்பு. நான் சாகப்போறேன்னு நினைச்சு மன்னிச்சிருந்தா, அது எனக்கு வேண்டாம். திரும்ப எடுத்துக்க."

உல்பிகே கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ சாகலையா?"

"இல்லக்கா."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல."

உல்பிகே எழுந்தாள். சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நடைக்குப் போனாள். அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை எடுத்து மாட்டினாள். கானிபெக் பால்கனிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கதவு இப்போது நன்றாக மூடியது.

குல்யாஷ் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்க் கையைப் பிடிக்கலாம். பிடித்து என்ன சொல்வது? செத்துவிடுகிறேன் இரு என்றா? நடையில் பூட்ஸின் ஜிப் மேலே ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அது இறங்கும் சத்தம். மறுபடி ஏறும் சத்தம். இரண்டாவது பூட்ஸை அவள் இன்னும் தொடவே இல்லை.

அகெர்கே மாவுக் கையோடு மெதுவாக நகர்ந்து வந்தாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. நடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குல்யாஷின் காதருகே குனிந்தாள்.

"ஏன் சித்தி அதைப் போய் வாய்விட்டுச் சொன்னீங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு அத்தை அந்த முத்திரை குத்தின டாக்டருக்கே போன் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க, அதுக்கு அப்புறம்தான் பத்து நாளுக்குத் துணி எடுத்து வெச்சாங்க."