சொன்ன பேச்சு கேட்காத சிவப்பு இன்ஜின்

தீனா கூப்பிட்டது சிவப்பு இன்ஜினை. அது அசையவே இல்லை. சரி, நீலத்தையாவது ஓட்டுவோம் என்று அதைக் கூப்பிட்டால், கூடவே சிவப்பும் கிளம்பிவிட்டது.

“கூப்ட்டா வராது, கூப்டாட்டி வருது. இன்னாத்துக்கு இந்த வீம்பு?” என்று இன்ஜினிடமே கேட்டான்.

ராயபுரத்தில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் கன்டெய்னர் கம்பெனி அது. எண்ணூரில் அவர் கட்டப்போகும் யார்டைப் பார்ட்டிகளுக்குக் காட்ட, ஹாலில் பெரிய மேஜை போட்டுப் பொம்மை ரயில் விட்டிருந்தார்கள். ஜெர்மனிச் சரக்கு. தண்டவாளம் முழுக்க ஒரே கரண்டு. இன்ஜினுக்குள் இருக்கும் சிப்பில் ஆளுக்கொரு நம்பர். ரிமோட்டில் ஆறை அமுக்கினால் நீலம் ஓடும், எட்டை அமுக்கினால் சிவப்பு ஓடும். வெள்ளிக்கிழமை வரை ஓடியது.

“நம்பரு தப்பா இருக்குமோ?” என்றாள் ஆபீஸ் கிளார்க் எல்சி.

“நானே போட்டது. அண்ணாச்சி பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தாரு. அவரே சாட்சி.”

அண்ணாச்சி லேசுப்பட்ட ஆள் இல்லை. காருக்கு ராசியான நம்பர் கிடைக்கும்வரை ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்தவர். பார்ட்டி வரும் நேரத்தையும் ஆறாம் தேதி, மாலை ஆறு மணி என்று அவர்தான் குறித்திருந்தார். “ஒழுங்கா ஓட்டிக் காட்டுடே, ஒன்னைய பெர்மனென்ட் ஆக்கிருதேன்” என்றும் சொல்லியிருந்தார். தீனாவின் மனைவி மலர்க்கொடி அதை அன்றைக்கே வியாசர்பாடி ஹவுசிங் போர்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி பெர்மனென்ட் ஆகாமல் வீட்டுப் படியேற முடியாது.

இன்று ஆறாம் தேதி. தீனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கடல்காத்து. தண்டவாளம் கறுத்துப்போய்க் கீது” என்று ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தான். தண்டவாளம் பளபளத்தது. கரண்டு நன்றாக ஏறியதும் சிவப்பு இன்னும் வேகமாகப் பாய்ந்து நீலத்தின் பின்னால் முட்டியது.

அடுத்து சக்கரம். அதற்குள் ஸ்பிரிட் தீர்ந்துபோயிருந்தது. எல்சியின் நகப்பூச்சு அழிக்கும் தண்ணியை வாங்கித் துடைத்தான். சக்கரத்தில் இருந்த அழுக்கோடு இன்ஜினின் பெயின்ட்டும் கையோடு வந்துவிட்டது.

“இப்ப அது சிவப்பே இல்ல, தீனா.”

“கம்னு இரு எல்சி. நானே பேஜார்ல கீறேன்.”

சிவப்பு நிற்கும் ஓரத் தண்டவாளத்தின் வயரைப் பிடுங்கிப் பார்த்தான். ஹாலில் பாதி விளக்கு அணைந்தது. திரும்ப மாட்டினான். விளக்கு வந்தது, கூடவே வாசலில் கார் சத்தமும் வந்தது.

தீனா நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தான். எல்சியின் மேஜையிலிருந்து ரப்பர் பேண்டுகளை அள்ளி, சிவப்பு இன்ஜினைப் பக்கத்திலிருந்த பொம்மை கிரேனோடு சேர்த்துக் கட்டினான்.

பார்ட்டிகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். தீனா ஆறை அமுக்கினான். நீலம் அழகாகப் புறப்பட்டது. ரப்பர் பேண்டு நீண்டது. பிறகு கிரேனும் புறப்பட்டது.

சிவப்பு கிரேனை இழுத்துக்கொண்டு வந்தது. கிரேன் சாய்ந்து, அடுக்கி வைத்திருந்த கன்டெய்னர்களை ஒவ்வொரு வரிசையாகச் சரித்தது. முழு யார்டையும் துவம்சம் செய்துவிட்டு, எதிரே வந்த நீலத்தோடு மோதித்தான் நின்றது. வந்தவர்களில் ஒருவர் சட்டைப் பைக்குள் விழுந்த கன்டெய்னரை எடுத்து மரியாதையாக மேஜைமேல் வைத்தார். போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

தீனாவுக்கு மலர்க்கொடியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. “அண்ணாச்சி, சத்தியமா எல்லாத்தையும் பாத்துட்டேன். இன்னா கோளாறுன்னே தெர்ல.”

அண்ணாச்சி திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ பொறந்த தேதி என்னடே?”

“இருவத்தாறு, அண்ணாச்சி.”

அவர் விரல்விட்டுக் கூட்டினார். பெருமூச்சு விட்டார்.

“ரெண்டும் ஆறும் எட்டு. அப்ப கோளாறு ஒங்கிட்டதாம்டே. எட்டு நமக்கு ஆகாதுன்னு, சிவப்புக்கும் ஆறாம் நம்பரை வெள்ளிக்கிழமையே நான் மாத்திப் போட்டுட்டேம்லா.”