ஒரு மீன் பெட்டிஸின் பொதுவாழ்வு

செங்கலடிச் சந்தியில் 'வாவிக்காற்று குடும்ப உணவகம்' திறக்கப்படும்வரை, விருந்தோம்பல் என்றால் என்னவென்று மனித குலத்துக்குத் தெரியாது என்பது என்னுடைய பணிவான முடிவு. கடையிலிருந்து வாவி தெரியாது. காற்று, பதுளை வீதியால் போகும் பேருந்துகள் விடுவது. குடும்பங்கள் வருவதும் குறைவு. உணவகமா என்பதை வாசகர்கள் கடைசியில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

நான் இந்நிறுவனத்தின் 'விருந்தினர் உறவு அலுவலர்'. அதற்கு முன்பு இரவு முறையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போதும் நிற்கிறேன், பதவிதான் உயர்ந்திருக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம், பிளேன்ரீயா பால்ரீயா என்று கேட்பேன்.

எங்கள் உணவகத்தின் புகழ் சோட்டீஸ் தட்டில் இருக்கிறது. நீங்கள் வந்து அமர்ந்ததும், கேட்காமலே ஒரு தட்டு வரும். அதில் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாமாக எட்டு இருக்கும். இறைச்சி இல்லை, மீனும் மரக்கறியும் மட்டும். ஆகவே ஏறாவூரில் இருந்து வரும் முஸ்லிமும் கிரானில் இருந்து வரும் இந்துவும் ஒரே தட்டில் கைவைக்கலாம். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. நீங்கள் இரண்டைச் சாப்பிட்டால், மிச்சம் ஆறும் அடுத்த மேசைக்குப் போகும். இலங்கை முழுவதும் இந்த வழக்கம் உண்டுதான். ஆனால் வேறு கடைகளில் பெட்டிஸ் ஒரு நாளோடு ஓய்வு பெற்றுவிடும். எங்களிடம் கட்டாய ஓய்வு வயது கிடையாது. மாலையில் களைத்து வரும் பெட்டிஸ், கொதிக்கும் எண்ணெயில் ஒரு நிமிடம் குளித்தால் காலையில் இளமையோடு எழும்பும். இதற்கு நிறுவனத்தில் 'புத்துயிர்த் திட்டம்' என்று பெயர். எங்கள் பெட்டிஸ் சில, பிரதேச சபை உறுப்பினர்களைவிட அதிகமான பொதுமக்களைச் சந்தித்திருக்கின்றன.

முதலாளி நல்லரத்தினம் தன்னடக்கம் மிக்கவர். பதினெட்டு வருடமாக, தன் கடைச் சாமானில் ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. பகல் சாப்பாடு வீட்டிலிருந்து கரியரில் வரும். வாடிக்கையாளருக்கு உரியதைத் தான் உண்ணலாகாது என்ற பெருங்கொள்கை அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒரேயொரு குறை இருந்தது. பெயர் வல்லிபுரம். கடை திறந்த நாளிலிருந்து மேசைக்குத் தட்டு வைக்கும் கிரான்காரர். சிரிக்கமாட்டார். அதைவிடப் பெரிய குற்றம், தட்டை வைக்கும்போது ஒரு திருப்புத் திருப்புவார். அன்றைக்குச் சுட்டவை வாடிக்கையாளரின் கைப்பக்கமும், புத்துயிர் பெற்றவை சுவர்ப்பக்கமும் போய்விடும். பழகிய வாடிக்கையாளர்கள் இதை அறிவார்கள். சுவர்ப்பக்கத்துக்கு யாரும் கை நீட்டமாட்டார்கள்.

சென்ற ஆண்டு முதலாளியின் மருமகன் தனோஜன் டோஹாவில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இருந்து திரும்பி வந்தார். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பது கடைசிவரை தெரியவரவில்லை. இங்கே 'அனுபவப் பணிப்பாளர்' ஆனார். வந்த முதல் வாரமே 'சாப்பாடு' என்ற சொல்லைத் தடை செய்தார். இனி அதற்கு 'அனுபவம்' என்று பெயர். ஒவ்வொரு மேசையிலும் கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டப்பட்டது. போனைக் காட்டினால் ஐந்து நட்சத்திரம் போடலாம். ஊழியர்களுக்குச் சிரிப்புப் பயிற்சி நடந்தது.

"வல்லிபுரம் அண்ணன், ஒள்ளம் சிரிங்க பாப்பம்" என்றார் பணிப்பாளர்.

வல்லிபுரம் சிரித்தார். நான்காம் மேசையில் ஒரு குழந்தை அழுதது. பயிற்சி அத்துடன் முடிந்தது. தட்டைத் திருப்புவது மட்டும் எழுத்து மூலம் தடை செய்யப்பட்டது. காரணம்: 'சோட்டீஸ்களுக்கு இடையே பாரபட்சம்'.

தடைக்குப் பிறகு ஒரு மாதம் சமத்துவம் நிலவியது. பிறகுதான் நஸ்ஹா வந்தார். வளாகத்தில் விஞ்ஞான பீட மாணவி. ஒரு திங்கட்கிழமை மூன்றாம் மேசையில் இருந்து தேநீர் குடித்தவர், தட்டில் இருந்த ஒரு மீன் பெட்டிஸின் அடியில் ஊசியால் 'ந-1' என்று குத்திவிட்டுப் போனார். பேனையால் எழுதியிருந்தால் எண்ணெய் அழித்திருக்கும். குத்து அழியாது. படிப்பை விடாதவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

வியாழக்கிழமை அவர் ஏழாம் மேசையில் அமர்ந்து, தட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றைப் படம் எடுத்தார். ஆய்வு தொடரவேண்டும் என்று அதைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அன்று மாலை இணையத்தில் அவருடைய விமர்சனம் வந்தது: "நாங்கள் மூன்று நாட்களுக்குப் பிறகு மீண்டும் சந்தித்தோம். இடையில் எனக்கு ஒரு பரீட்சையே முடிந்துவிட்டது. பெட்டிஸ் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஒரு நட்சத்திரம், விசுவாசத்துக்காக."

அறுநூறு பேர் பகிர்ந்தார்கள். பதில் எழுதுவது என் கடமை. "மதிப்புக்குரிய விருந்தினரே, எங்கள் தயாரிப்பின் நீடித்த உழைப்பைத் தாங்கள் அவதானித்தமைக்கு நன்றி" என்று எழுதினேன். அதன் பிறகு ஆயிரத்து இருநூறு பேர் பகிர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை 'பெட்டிஸ் ந-1 தொடர்பான விசாரணைக் குழு' அமர்ந்தது. தலைவர் முதலாளி. உறுப்பினர் பணிப்பாளர். செயலாளர் நான். தடயப் பொருளைக் குழுவின் முன் வைக்க முடியவில்லை. அது அப்போது பன்னிரண்டாம் மேசையில் பணியில் இருந்தது. இரண்டு நாளும் தட்டு வைத்தவர் யார் என்ற கேள்வி முதலில் எடுக்கப்பட்டது. வல்லிபுரம் என்று ஏகமனதாகக் கண்டறியப்பட்டது. மூன்று இரவும் அதைப் பொரித்தது யார் என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தவன் நான்.

வல்லிபுரம் நின்றுகொண்டே பேசினார். "திங்கக்கிழமையே அது மூணு நாள் பழசு. நான்தான் கோழி வாளிக்குள்ள போட்டன். வாளிக்குள்ள இருந்து எடுத்தது ஆரு எண்டு எழுதுங்க."

கடைசிக் கழிவெல்லாம் போகும் வாளி அது. மாலையில் ஒருவர் வந்து தன் கோழிகளுக்கு எடுத்துப்போவார். முதலாளி கூரையைப் பார்த்தார். பணிப்பாளர் போனைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பில் 'தேநீர் வழங்கப்பட்டது' என்று எழுதினேன்.

தீர்ப்பு: வல்லிபுரம் உடனடியாக விலக்கப்படுகிறார். அவருடைய படத்தோடு, 'தவறு செய்த ஊழியர் நீக்கப்பட்டுள்ளார்' என்று இணையத்தில் அறிவிக்கப்படும். அவர் படத்தைப் பற்றித்தான் கேட்டார்.

"போகச் சொல்லுங்க, போறன். பழசத் தின்னக் குடுத்தவன் எண்டு பேர் மட்டும் வேணாம் முதலாளி. பிறகு இந்தச் சந்தியில ஆரு என்னக் கடைக்குள்ள எடுப்பான்?"

படம் போடப்பட்டது. முந்நூறு நட்சத்திரம் திரும்பி வந்தது. இரவில் பொரித்த கையோடு பகலில் தட்டு வைக்கும் பொறுப்பும் எனக்குக் கிடைத்தது.

மறுநாள் பத்து மணிக்கு வல்லிபுரம் கழுவிய சட்டையோடு வந்து மூன்றாம் மேசையில் அமர்ந்தார். வாடிக்கையாளர் வந்தால் தட்டு வைக்கவேண்டும், வைத்தேன். அவர் எட்டையும் மெதுவாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு ரோல்ஸை மட்டும் எடுத்துச் சாப்பிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற மேசைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ரோல்ஸ் மட்டும் விற்றது. அடுத்த நாள் அவர் எதையும் எடுக்கவில்லை, தேநீர் மட்டும். அன்றைக்கு எதுவும் விற்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சாரதி பேருந்தை நிறுத்திவிட்டு உள்ளே தலையை நீட்டி, "வல்லிபுரத்தார் வந்து போயிட்டாரா? என்னத்தத் தின்டவர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கேற்பப் போய்விட்டார்.

நட்சத்திரம், சதுரம், டோஹா எதுவும் எதிர்நிற்க முடியவில்லை. அவசரக் கூட்டம் கூடியது. எதிரியை நிறுவனத்துக்குள் உள்வாங்குவதே நவீன முறை என்று பணிப்பாளர் விளக்கினார். வல்லிபுரத்துக்குச் 'சுவைத் தூதர்' பதவி வழங்கப்படும். நாளும் வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் அமர்ந்து, நாங்கள் வைக்கும் தட்டில் இருந்து எல்லாவற்றையும் ரசித்து உண்ணவேண்டும். அந்தப் படத்தை அழிக்கவேண்டும் என்று மட்டும் வல்லிபுரம் கேட்டார். முதலில் சாப்பிடட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் அனுப்பப்பட்டது. பதிலை எடுத்துப்போனவனும் நான்தான். அவர், "வாறன், மனே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல். கடை நிரம்பியிருந்தது. பணிப்பாளர் போனைப் பிடித்து நேரலை தொடங்கினார். 'ந-1 நலமா?' என்று முதல் கேள்வியே வந்தது. பக்கத்து மேசையில் முதலாளி தன் கரியரைத் திறந்து வைத்துக்கொண்டு, கொள்கை தவறாமல் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் தட்டை வைத்தேன். எட்டும் பணிப்பாளர் சொன்னபடி புத்துயிர் பெற்றவை. மீதியைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம் என்றிருந்தார்.

வல்லிபுரம் ஒரு மீன் பெட்டிஸை எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். மென்றார். விழுங்கினார். கடை முழுவதும் அவருடைய தொண்டையைப் பார்த்தது. பிறகு கடித்த மிச்சத்தைத் தட்டில் பழைய இடத்திலேயே வைத்து, தட்டை ஒரு திருப்புத் திருப்பினார்.

"தின்டதுக்குத்தானே காசு. ஒரு கடிக்குப் போடு. மிச்சத்த அடுத்த மேசைக்குக் குடு, மனே. நம்மட கடை முறை."

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. இரண்டு வருடம் சொன்னதைச் செய்தே பழகியவனின் கால்கள் தாமாகவே நடக்கும். தட்டை எடுத்து அடுத்த மேசையில் வைத்தேன். கடித்த பக்கம் முதலாளிக்கு நேரே இருந்தது.

முதலாளி சோற்றில் இருந்து கையை எடுத்தார். நேரலை ஓடுவதை மறந்துவிட்டார்.

"விசராடா உனக்கு? இத மனுசன் தின்னுவானா?"

"பதினெட்டு வருஷமாத் தின்னுறாங்க, முதலாளி" என்றார் வல்லிபுரம். அன்றைக்குத்தான் அவர் பயிற்சியில்லாமல் சிரித்ததைப் பார்த்தேன். எந்தக் குழந்தையும் அழவில்லை.

பணிப்பாளர் நேரலையை நிறுத்துவதற்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது நிறுவனத்தின் பெயரை மீட்க, இணையத்துக்கு ஒரு புகழுரை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மேலே உள்ளது அதுதான். விசாரணைக் குறிப்பில் விடுபட்ட ஒரு வரியையும் செயலாளர் என்ற முறையில் சேர்த்துவிடுகிறேன்: வாளிக்குள் இருந்து எடுத்தவன் நான். "நல்லதாக் கிடந்தா எடு, நீ படிச்சவன், உனக்குத் தெரியும்தானே" என்று சொன்னவர் முதலாளி. நல்லதாகக் கிடக்கவில்லை. எனக்குத் தெரியும். எடுத்தேன்.

வல்லிபுரத்தின் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அழிக்க எனக்கு அனுமதி இல்லை. என்னுடைய படத்தைப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். நட்சத்திரத்தை நீங்களே போடுங்கள்.