பொகவந்தலாவைச் சேனாதிபதியின் படை

சேனாதிபதியின் ஆட்டோவில் ஏறினால் உயிருக்கு முழு உத்தரவாதம் உண்டு. நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் கிடையாது. பொகவந்தலாவை டவுனில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க, காலையில் அவர் வண்டியில்தான் மேலே ஏறினேன். முதல் மணி அடிப்பதை வகுப்பறையில் இருந்து கேட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வேகம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். நேர் ரோட்டில் பறப்பார். வளைவு வந்தால் போதும், பிரேக்கை மிதித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னாச்சு, வண்டி பழுதா?"

"இல்லிங்க டீச்சர். நம்ம முறை முடிஞ்சிருச்சு. இப்ப அவன் முறை."

"எவன் முறை?"

"அங்கிட்டிருந்து வர்றவன் முறை."

"யாரும் வரலையே!"

"வருவான் டீச்சர். வராம எங்க போயிறப் போறான்?"

வந்தது ஹட்டன் பஸ். ரோட்டை அடைத்துக்கொண்டு வந்த அந்த டிரைவர் நல்ல மனுசன், நம்மைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்திப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். சேனாதிபதி அசையவில்லை. அவன் முறையை அவன் முடிக்காமல் நாம் எப்படி நகர்வது? ஹோர்ன் அடித்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலால் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "பாத்தீங்களா டீச்சர், தமிழ்லயும் ஏசுறாங்க, சிங்களத்துலயும் ஏசுறாங்க" என்று இவர் எனக்குச் சந்தோஷமாக எடுத்துச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும் சாதி. அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கி நடந்தே போய்விட்டேன்.

இதெல்லாம் ஒரு போனால் வந்த வினை. கொழும்பில் கடையில் நிற்கும் மச்சான் தன்னுடைய பழைய போனை இவருக்குக் கொடுத்தார். உள்ளே ஒரு விளையாட்டும் சேர்ந்து வந்தது. கட்டம் கட்டமாகப் பிரித்த நிலம். இந்தப் பக்கம் குதிரைக்காரர்கள், வில்லாளிகள், நெருப்பு விடும் மந்திரக்காரிகள். அந்தப் பக்கம் பூதங்கள், எலும்புக்கூடுகள், எல்லாவற்றுக்கும் பின்னால் இறக்கை முளைத்த ஒரு பெரிய பாம்பு. உங்கள் ஆட்களை ஆளுக்கொரு தடவை நகர்த்தி முடித்தால், பிறகு எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். அடித்துப் பிடித்து ஆடுகிற ஆட்டமே இல்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து யோசித்தாலும் பூதம் கோடாலியைத் தூக்கியபடியே மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கும்.

"நமக்காக யாரு டீச்சர் இப்பிடி காத்துக்கிட்டு நிக்கிறாங்க? பஸ் நிக்குதா? ஆஸ்பத்திரியில டாக்டர் நிக்கிறாரா? இந்தப் பூதம் நிக்குது" என்பார்.

அந்த ஆட்டத்தில் ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். அதுதான் வம்பாகப் போயிற்று. சேனாதிபதி ஊரையே உள்ளே இறக்கிவிட்டார். ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் முதலாளி, ஊரே நானா என்று கூப்பிடுகிறவர், குதிரைப் படைத் தலைவர். நானாவுக்கு இருக்கிற உடம்புக்குக் குதிரை பாவம். "அல்லாவே, வீட்டுப் படி ஏறவே ஏலாம ஈக்கு, என்னக் குதிரையில ஏத்தி வெச்சிட்டீங்களே மகன்" என்று ஆள் புலம்பினார். ஆனால் அன்றிலிருந்து கல்லாவில் உட்காரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவதைப் பெரட்டு என்பார்கள். சண்டைக்கு முன்னால் ஆள் பொறுக்குவதையும் சேனாதிபதி பெரட்டு என்றே சொன்னார். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் ஆட்டோவை மறித்துக் கேட்பார்கள்.

"அண்ணே, இன்னைக்கு பெரட்டுல நான் இருக்கேனா?"

"இருக்க தங்கச்சி. நேத்து நீ விட்ட நெருப்புல மூணு பூதம் காலி!"

அந்தப் பெண் அதற்குப் பிறகு மலையில் ஏறிய நடையே வேறு. லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசையில் வாயே திறக்காத இன்னொருத்தியைக் கேடயக்காரியாக முன்வரிசையில் நிறுத்தினார். "அமைதியா இருக்கிறவங்கதான் டீச்சர் அடி தாங்குவாங்க" என்றார். எனக்குக் கிடைத்தது வில்லாளி உத்தியோகம்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நேத்து நீங்க விட்ட அம்பு ரெண்டும் மரத்துல போயி குத்திருச்சு."

"நான் எங்கய்யா விட்டேன்? நீங்கதானே விட்டீங்க!"

"விடச் சொன்னது நானு. விட்டது நீங்க."

சிரிக்காதீர்கள். பட்டம் பெற்ற ஒரு பெண், ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டே, அந்த இரண்டு அம்பையும் நினைத்து ஒரு நாள் முழுக்க உள்ளுக்குள் குமைந்தாள். 

குறை இல்லாமல் இல்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் ஹயர் போய் வந்துகொண்டிருக்க, இவர் ஸ்டாண்டில் குந்திக்கொண்டு "ஒரு நிமிசம் இருங்க, இந்த எலும்புக்கூட்ட முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போக வந்தவர் வருத்தம் சுகமாகித் திரும்பிப் போவார். கட்டிக்கொண்டு வந்த ரொட்டி விறைத்துப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த ஆட்டத்தில் செத்தவர் செத்தவர்தான். பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆட வழி இருந்தது. சேனாதிபதி அதைத் தொட மாட்டார். "அப்புறம் சண்டைக்கு என்னா டீச்சர் மரியாத?"

முதலில் செத்தது கணக்கப்பிள்ளை. மலையில் நின்று வேலை வாங்குகிற மனுசன், கண்டிப்பானவர், அவரை ஈட்டிக்காரராகப் போட்டிருந்தார். மறுநாள் காலையில் சேனாதிபதி, சாவு விழுந்தால் கட்டுகிற வெள்ளைக் கொடியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். யாருக்கு என்று கேட்டார்கள்.

"நம்ம கணக்கப்புள்ள ஐயாவுக்குத்தான். நேத்து சாயந்தரம். பின்னால இருந்து எலும்புக்கூடு ஒண்ணு வந்து..."

எலும்புக்கூடு வரை யாரும் காத்திருக்கவில்லை. லயத்துப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வாசலில் நின்று மாரடித்து அழுதால், வாய் நிறையப் பற்பசை நுரையோடு கதவைத் திறக்கிறார் கணக்கப்பிள்ளை! முன்னால் நின்றவள் மயங்கி விழுந்தாள். விஷயம் விளங்கியதும் அவர் நேரே ஸ்டாண்டுக்கு வந்தார்.

"யோவ், எனக்கு உசிரு குடுய்யா!"

"முடியாதுங்க ஐயா. செத்தா செத்ததுதான்."

"அப்ப நான் யாருய்யா? இங்க நிக்கிறது யாரு?"

சேனாதிபதியின் கண் கலங்கிவிட்டது. "நல்லா சண்ட புடிச்சீங்க ஐயா" என்றார். கணக்கப்பிள்ளை ஏசுவதை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். ஆனால் வாசலுக்கு வந்தவர்களில் எவள் எவள் கண்ணீர் இல்லாமல் அழுதாள் என்பதை அவர் பார்த்து வைத்திருந்தார். அந்த வாரம் அவர்களுக்கெல்லாம் அட்டைப்பூச்சி நிறைந்த மலைதான் வேலைக்கு விழுந்தது.

இப்படி ஊரே படையில் இருக்க, ஒருத்தி மட்டும் இல்லை. சேனாதிபதியின் மனைவி பவானி. அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், வாய்த் துடுக்கில் எனக்கு அக்கா. "நீ என்னாடி, ராணியா?" என்று மலையில் கேட்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து இவரைக் கேட்பாள். இவர் "பொறகு பாப்போம்" என்று மழுப்புவார். கடைசியில் ஒரு நாள் லயத்து நாய்க்கு ஓநாய் வேலை கிடைத்திருப்பது அவளுக்குத் தெரியவந்தது. அன்று மாலையே பையைக் கட்டிக்கொண்டு டயகமவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி வர மாட்டேன் என்று சொல்லியும் அனுப்பினாள்.

சேனாதிபதி இடிந்துபோனார். சவரம் இல்லை, சாப்பாடு இல்லை. போனை எடுக்கவும் இல்லை. அதைவிட மோசம், வளைவுகளில் நிறுத்துவதை விட்டுவிட்டார். யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று விர்ரென்று போனார். நான் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது அந்த நாட்களில்தான். இந்த மனுசன் எங்கேயாவது கொண்டுபோய்க் கவிழ்த்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நானாவுக்கும் அதே பயம். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அவரை இழுத்துக்கொண்டு டயகமவுக்குப் போனோம்.

பவானியின் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவானி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, புருஷனைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள். தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் பாதிச் சம்பளத்துக்குப் பெயர் பதிவார்கள். அதற்கு அரைப் பேர் என்று பெயர். அதை வைத்துத்தான் அவள் கேட்டாள்.

"கொழுந்து கொறஞ்சா தோட்டத்துலகூட அரைப் பேராவது போடுவாங்க டீச்சர். இத்தன வருசமா கூட வாழுறேன். இந்த மனுசன் எனக்கு அரைப் பேருகூட போடல. நாய்க்கு இருக்கு. எனக்கு இல்ல."

சேனாதிபதி தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயத் தொறந்து பேசுங்கய்யா! காத்துக்கிட்டு நிக்க இவ என்ன பூதமா?"

"அதுல செத்தா திரும்பி வர ஏலாதுங்க டீச்சர்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "பேரு போட்டா பெரட்டுக்குக் கூப்புடணும். கூப்புட்டா சண்டைக்கு அனுப்பணும். மத்தவங்கள அனுப்புறேன், மனசு கேக்குது. இவள எப்பிடிங்க அனுப்புறது? இவ இல்லாம ஒரு வா சோறு எறங்கல எனக்கு."

நானா சால்வையால் மூக்கைச் சிந்தினார். பவானியின் அம்மா இந்தப் பக்கம் திரும்பினார். பவானிக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் விடுவாளா?

"குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சு வந்தவ நானு. அட்டைக்கு ரத்தம் குடுத்துக்கிட்டே மழையில நிக்கிறவ. ஒங்க போனுல இருக்கிற எலும்புக்கூடா என்னையக் கொல்லப் போவுது? போடுங்க பேர! இப்பவே போடுங்க, டீச்சர் முன்னுக்குப் போடுங்க!"

அங்கேயே போனை எடுத்துப் போட்டார். கோடாலி வேண்டாமாம், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி மாதிரி வளைந்த ஒன்று இருந்தது, அதைத்தான் கேட்டு வாங்கினாள். நால்வருமாகத் திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்றது. எனக்கு அவ்வளவு நிம்மதி.

அடுத்த சண்டையில் பவானியை அவர் படையின் கடைசியில் ஒளித்து நிறுத்தினார். அவள் ஸ்டாண்டுக்கே வந்து போனை எட்டிப் பார்த்தாள். "என்னைய எதுக்குங்க இங்க நிப்பாட்டி வச்சிருக்கீங்க? நானாவோட குதிரையோட பின்பக்கத்தத் தவிர ஒரு மண்ணும் தெரியல!" என்றாள். முன்னுக்குப் போட வேண்டியதாயிற்று. போட்ட பிறகு கேட்க வேண்டுமா? பூதங்களை நிரை பிடித்து அறுத்துத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் படை கடைசிச் சண்டைக்கு, அந்த இறக்கைப் பாம்புக்கு முன்னால் போய் நின்றதே அவளால்தான்.

அன்று பின்னேரம் ஸ்டாண்டில் ஊரே கூடியிருந்தது. செத்துப்போன கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார். பாம்பு குற்றுயிராகக் கிடந்தது. நான் விட்ட அம்பு வழக்கம்போலக் காற்றில் போயிற்று. மிச்சம் இருந்தது பவானியின் ஒரே ஒரு வெட்டு. விழுந்தால் ஆட்டம் நமக்கு. தப்பினால் அடுத்தது பாம்பின் முறை, அவள் சாம்பல். வெட்டு விழ நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம் வாய்ப்பு என்று போன் காட்டியது.

"தொண்ணூத்தேழு ஈக்கே மகன்! அடிங்களேன்!" என்று நானா துள்ளினார்.

"மிச்சம் மூணு?" என்றார் சேனாதிபதி.

"மூணு என்ன பெரிய மூணு?"

"அந்த மூணுல பவானி நிக்கிறா நானா."

"அட அடிங்கங்க, ஒண்ணும் ஆவாது" என்றாள் பக்கத்தில் நின்ற பவானி. அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "ஏறு, வீட்டுக்குப் போவோம்" என்று வண்டியைக் கிளப்பினார். இத்தனை நாள் பாடுபட்ட படை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நான் அன்றைக்கு அந்த மனுசனை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

பிறகு எனக்கு இடமாற்றம் கிடைத்து நுவரெலியாப் பக்கம் வந்துவிட்டேன். போன வாரம் அவரைக் கூப்பிட்டு, அந்த ஆட்டத்தை முடித்தாரா என்று கேட்டேன்.

"பவானி நல்லா இருக்கா டீச்சர்" என்றார்.

இங்கே நான் போகும் ஆட்டோக்காரர் எந்த வளைவிலும் நிறுத்துவதில்லை. தினமும் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறேன். வழி முழுக்கக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எங்கள் சேனாதிபதியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.