முதல் கேள்வி

பல்கலைக்கழகத்தின் நிர்வாகவியல் துறையில் கல்வித் தரமானது ஆசிரியர் அறையின் தேநீர் மேசையில்தான் காலங்காலமாகப் பேணிக் காக்கப்பட்டு வந்தது. வகுப்பறையில் வைத்துக் காக்கலாம் என்றால் அங்கே மாணவர்கள் இடைஞ்சலாக இருந்தார்கள்.

மேசைக்கென்று எழுதாத சட்டங்கள் உண்டு. அங்கே புத்தகத்தைத் திறப்பவர் தலைக்கனம் பிடித்தவர். மணி அடிக்கும்வரை பாடம் நடத்துபவர், சீக்கிரம் கிளம்பி வந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வின் முதல் கேள்வி எப்போதும் "நிர்வாகம் என்றால் என்ன? அதன் ஏழு பயன்களை விளக்குக" என்றுதான் இருக்க வேண்டும். அதைத் தயாரித்த பேராசிரியர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். இருந்தாலும் மாற்றினால் அவர் மனசு நோகுமே என்று மேசை கவலைப்பட்டது.

புதிதாக வந்த விரிவுரையாளருக்கு இதெல்லாம் தெரியும். பணி நிரந்தரமாகத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்தும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு வந்ததும், "நிர்வாகம் எப்போது தேவையில்லாமல் போகிறது?" என்று முதல் கேள்வியை எழுதிவிட்டாள்.

மேசையில் தேநீர் ஆறிப்போனது. துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு, பெற்ற மகளிடம் பேசுவதுபோல் பேசினார்.

"இதுக்கு விடை என்னம்மா?"

"பிள்ளைங்க யோசிச்சு எழுதணும் சார்."

"எழுதட்டும். திருத்தப்போறது நாமதானே? அவங்க யோசிச்சா நாமளும் யோசிக்கணும். இந்த வயசுல எங்களுக்கு ஏன்மா இந்தச் சோதனை?"

கேள்வியைத் திரும்பப் பெற்றால் கையெழுத்து, இல்லாவிட்டால் வீடு என்று அன்போடு சொல்லி அனுப்பினார். சேதி கசிந்து, படிக்காததைக் கேட்பது அநீதி என்று மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பெற்றோரும் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனாலும் சரி, கேள்வி போகாது என்றாள்.

விவகாரம் கல்வித் தர மதிப்பீட்டுக் குழுவிடம் போயிற்று. குழு வந்தது, மேசையில் அமர்ந்தது, தேநீர் அருந்தியது. குழுத் தலைவர் கேள்வியை மறுபடி மறுபடி படித்தார்.

"இப்படி ஒரு கேள்வியை நான் பார்த்ததே இல்லை" என்றார். மேசையின் முகம் சுருங்கியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"சரி, விடையை நீங்களே சொல்லுங்க. குறிச்சுக்கறேன்."

அவள் எழுந்து நின்றாள். கேள்வியைப் பற்றி அவள் நிறைய யோசித்திருந்தாள். விடையை மாணவர்களின் பொறுப்பில் விட்டிருந்தாள். இப்போது எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். இதே துறையில் படித்து, அந்தப் பழைய முதல் கேள்வியால் தங்கப் பதக்கம் வாங்கிய வாய் அது.

"நிர்வாகம் என்பது பலரைக் கொண்டு பணிகளைச் செவ்வனே முடிக்கும் கலையாகும். அதன் பயன்கள் ஏழு" என்று அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தத்தான் தெரியவில்லை. நான்கு பயன்கள் மடமடவென்று வந்தன. துறைத்தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ஐந்தாவதில் அவள் திக்கினாள்.

"தேவையற்ற கேள்விகளைத் தவிர்த்தல்" என்று குழுத் தலைவரே எடுத்துக் கொடுத்தார்.