எங்கடினுக்குப் போன கிரைண்டர்

எனக்கு நிறை பார்க்கத் தெரியும் என்று நான் வெளியில் சொல்வதை இப்போது நிறுத்திவிட்டேன். சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் அது பொய் அல்ல. சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் எனக்குப் பதினான்கு வருடங்களாக அதுதான் வேலை. பெட்டிகளை நிறுத்து, கொப்பியில் எழுதி, எந்த லொறியில் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்கிறவள் நான். அரைக் கிலோ கூடினாலும் லொறிக்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (அரைக் கிலோ கொஞ்சம் புளுகு. பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் சொல்லப்போவது நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது. என் சிநேகிதி ஸ்ரெல்லா மன்னார்க்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்குள்ள வயதானவர்களுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடும்போது தானே கட்டிய ஒரு தாலாட்டை முணுமுணுப்பாள். தமிழ் ஒரு சொல்லும் விளங்காத அந்தச் சுவிஸ் மனிசர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்களாம். அவளோடு வேலை செய்யும் ஒருவர் அக்கோடியன் வாசிப்பவர். அவர் அந்தப் பாட்டுக்கு இசை சேர்த்து, எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் கோடைகாலத்தில் நடக்கும் ஓர் இசைவிழாவுக்கு எழுதிப்போட்டுவிட்டார். சின்ன மேடையில் பிற்பகல் இரண்டரைக்குப் பாட இடமும் கிடைத்துவிட்டது.

ஸ்ரெல்லா அதுவரை பாடியதெல்லாம் கோயில் பாடகர் குழுவில், இரண்டாம் வரிசையில், உயரமான ஒரு அக்காவின் முதுகுக்குப் பின்னால். செய்தி வந்த அன்றே அவள் எனக்கு அழைப்பு எடுத்தாள்.

"வதனி, நீ முன்னுக்கு வந்து நிண்டாத்தான் பாடுவன். உன்ர முகத்தைக் கண்டாத்தான் எனக்குத் தொண்டை திறக்கும். இல்லாட்டி இறங்கிப் போயிடுவன்."

"முன் வரிசையில நிப்பனடி. சத்தியம்."

சத்தியம் செய்வதில் நான் எப்போதும் தாராளம்.

எங்கள் கூட்டில் மற்ற இருவர் கலாவும் சுபாவும். நாலு பேருமாக ஒரு வோன்மொபில் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி அது. பொதிகள் விநியோகிக்கும் வேன் ஓட்டிப் பழகிய கலா சாரதி. நாலு பேரின் நுழைவுச்சீட்டும் சுபாவின் கைத்தொலைபேசியில். நிறைக்குப் பொறுப்பு நான். வேறு யார்?

எங்கள் சாதாரண லைசென்சுக்கு வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நான் கொப்பியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் நிறையையும் கேட்டேன். கலா ஐம்பத்தெட்டு என்றாள். சுபா ஐம்பத்தைந்து. ஸ்ரெல்லா அறுபது. நான் என் பெயருக்கு நேரே அறுபத்திரண்டு என்று எழுதினேன். (எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.)

"சாப்பாடு என்ர பொறுப்பு. ஒருத்தரும் ஒண்டும் கொண்டுவரக் கூடாது. கணக்குப் பிழைச்சுப்போகும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். மூவரும் பிள்ளைகள்போலத் தலையாட்டினார்கள்.

புறப்பட்ட காலையில் வண்டியின் பின்பக்கம் குந்தினாற்போல இருந்ததை முதலில் கண்டவள் கலா.

"வதனி, உது பதிஞ்செல்லோ நிக்குது?"

"பெரிய வண்டி அப்பிடித்தான் நிக்கும். நீ எடு."

பத்து வருட அனுபவம் பேசியது.

கூர் நகருக்குக் கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் பொலிசார் லொறிகளை மறித்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லொறிகளுக்கு நடுவே எங்களையும் கை காட்டி உள்ளே கூப்பிட்டார் ஒருவர். மீசை வைத்த, அவசரமே இல்லாத மனிதர். வண்டியைத் தரையோடு பதித்த தராசில் ஏற்றச் சொன்னார். சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில் 3700 என்று விழுந்தது.

"தராசு பிழை" என்றேன். என் களஞ்சியத்தில் லொறிக்காரர்கள் எல்லோரும் என்னிடம் சொல்கிற அதே வசனம்.

அவர் சிரிக்காமல், "கதவுகளைத் திறவுங்கள்" என்றார்.

ஸ்ரெல்லாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு குளிர்ப்பெட்டி நிறைய மீன்குழம்பும் கணவாய்ப் பிரட்டலும். கலாவின் அலுமாரியில் புட்டுமா, பொரித்த கோழி, இரண்டு பெட்டி மாம்பழம். சுபா ஒரு பெட்டி ரோல்ஸோடு ஆறு கட்டுத் தண்ணீர்ப் போத்தலும் ஏற்றியிருந்தாள். குழாயைத் திறந்தால் மலைத்தண்ணீர் வருகிற இந்த நாட்டில்!

"ஒண்டும் கொண்டுவர வேண்டாமெண்டு சொன்னனானெல்லே!"

"நீ சொன்னனிதான். அதுக்காக வெறுங்கையோட வாறதே?" என்றாள் கலா. மற்ற இருவருக்கும் அதே நியாயம்தான். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போனாலும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள்.

நான் இன்னும் ஏசியிருப்பேன். அதற்குள் பொலிஸ்காரர் கடைசிக் கதவையும் திறந்துவிட்டார். அங்கே என் பத்துக்கிலோ அரிசிப்பையும், கயிறு போட்டுக் கட்டிய பெட்டிக்குள் என் பழைய இரும்புக் கிரைண்டரும் இருந்தன.

"இது என்ன?"

"உழுந்து அரைக்கிறது. கல்லு உள்ளுக்கு" என்றேன் ஜேர்மனில், எனக்கே கேட்காத குரலில். மலை உச்சியில் சுடச்சுட வடை சுட்டுக் கொடுத்து எல்லோரையும் அசத்தலாம் என்பது என் இரகசியத் திட்டம். அது கொப்பியில் ஏறவில்லை.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏசியிருந்தால் பரவாயில்லை.

இருநூறு கிலோ குறைத்தால்தான் வண்டி நகரலாம் என்றார் பொலிஸ்காரர். தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிடும்படியும் போத்தல்களை ஊற்றிவிடும்படியும் அவரே வழி சொன்னார். தொண்ணூறு குறைந்தது. சுபா ஒரு தட்டு நிறைய ரோல்ஸ் எடுத்துப் போய்ப் பக்கத்தில் காத்துநின்ற லொறிக்காரருக்குக் கொடுத்தாள். தராசு அசையவே இல்லை. கலாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"மிச்சத்தை இஞ்சயே இருந்து சாப்பிட்டு முடிப்பமோ?"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு மிகப் பொறுமையாக, "அம்மா, சாப்பிட்டாலும் அது வண்டிக்குள்தானே இருக்கும்" என்றார்.

ஆகவே ஓர் ஆள் இறங்கவேண்டும். யார் இறங்கினால் எவ்வளவு குறையும் என்று பார்க்க எங்களை ஒவ்வொருவராக இறங்கி ஏறச் சொன்னார்கள். கலா இறங்கினாள்: எழுபது. சுபா: எழுபது. ஸ்ரெல்லா: எழுபது. நான் இறங்கினேன். சுவரில் எண்பது குறைந்தது. ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லொறிக்காரர் கை தட்டினார்.

"அறுபத்திரண்டு எண்டெல்லோ எழுதினனி?" என்றாள் சுபா, மெதுவாக.

நானும் கிரைண்டரும் அரிசியும் சேர்ந்து நூற்றுப்பத்து. சரியாக 3500. கணக்கு இவ்வளவு அழகாக வாழ்க்கையில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. குழம்பை இறக்கலாம் என்று ஒருத்தியாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"நான் ரெயினில வாறன். நீங்கள் போங்கோ" என்றேன்.

ஸ்ரெல்லாவின் முகம் வெளிறிவிட்டது. "இரண்டரைக்கடி" என்றாள். "நீ வராட்டி நான் பாடமாட்டன்."

"நிப்பன் எண்டு சொன்னா நிப்பன்."

கூர் ஸ்ரேசன்வரை வண்டியில் கொண்டுபோய் விடலாமோ என்று கலா கேட்டாள். முடியாது, நான் ஏறினால் மறுபடியும் பாரம் கூடிவிடும். கை தட்டிய லொறிக்காரர்தான் என்னையும் என் கல்லையும் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்ரேசனில் விட்டார். அவருடைய லொறிக்கு நாங்கள் தூசு.

மலை ரெயின் வளைந்து வளைந்து ஏறியது. பாலமும் குகையுமாக வந்த அந்த வழியைப் படம் எடுக்க உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு மணியைப் பார்த்தபடி இருந்தேன். வாயைக் கட்டியிருந்தால் இந்நேரம் முன் வரிசையில் இடம் பிடித்திருப்பேன் என்று என்னையே ஏசிக்கொண்டு போனேன்.

இறங்கும்போது இரண்டு ஐந்து. அரிசி முதுகில், கிரைண்டர் கையில், பாதை மேட்டில். இருபது அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். விழா வாசலுக்கு வந்தபோது இரண்டு முப்பத்தொன்று. அங்கே நின்ற பெண்மணி சீட்டைக் கேட்டாள். சீட்டு சுபாவின் கைத்தொலைபேசியில். சுபா உள்ளே. பத்துத் தடவை அடித்தேன், எடுக்கவில்லை. சீட்டில்லாமல் விடமுடியாது என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். பெட்டிக்குள் என்ன என்றும் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வேலியோரமாக நடந்தேன்.

வேலி ஆறடிப் பலகை. நான் ஐந்தடி ஓர் அங்குலம்.

மேடை அந்தப் பக்கம், கிட்டத்தில்தான் இருந்தது. அக்கோடியன் கேட்டது. அந்த முன்னிசை எனக்கு மனப்பாடம். அது முடிகிற இடத்தில் ஸ்ரெல்லா தொடங்கவேண்டும். முடிந்தது. குரல் வரவில்லை. அவர் திரும்பவும் வாசித்தார். குரல் வரவில்லை. மூன்றாம் தடவையும் அவர் தொடங்கினபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேடிக்கொண்டு நிற்கிறாள். வடைக்கு ஆசைப்பட்டு அவளை அந்தரிக்க விட்டுவிட்டேன்.

கயிற்றை அறுத்துப் பெட்டியைக் கிழித்தேன். கிரைண்டரைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறினேன். கண் மட்டும் வேலிக்கு மேலே வந்தது. இறங்கி, அரிசிப்பையையும் அதன்மேல் போட்டு மறுபடி ஏறினேன். இப்போது முழு முகமும் வந்தது.

"எடியே ஸ்ரெல்லா! இஞ்ச!"

இருநூறு சுவிஸ்காரர் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ரெல்லாவும் பார்த்தாள். சிவந்து, வியர்த்து, தலைமயிர் கலைந்து, வேலிக்கு மேல் வைத்த பூசணிக்காய்போல இருந்த என் முகத்தை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாள். அவ்வளவு வடிவாக அவள் அதற்கு முன்னும் பாடவில்லை, பின்னும் பாடவில்லை. கடைசி வரிவரைக்கும் நான் அசையாமல் நின்றேன். (அசைந்தால் விழுவேன்.)

அன்று பின்னேரம் வோன்மொபிலுக்குப் பக்கத்தில் வடை சுடமுடியவில்லை. கிரைண்டரின் வாய் நெளிந்து போயிருந்தது. மீன்குழம்பை எல்லோரும் புட்டோடு சாப்பிட்டோம். நல்லாய்த்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. திரும்பும்போது சாப்பாடு தீர்ந்திருந்தும் மூவரும் ஒரே குரலில் என்னை ரெயினில் அனுப்பினார்கள். பொலிஸ்காரர் சொன்னது சரிதானே, குழம்பு எங்கேயும் போகவில்லை.

இன்றைக்கும் நான் பயணப்பெட்டி அடுக்கினால் என் கணவர், "தராசில ஏறினனீரோ?" என்று கேட்கிறார். நெளிந்த கிரைண்டர் எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. அரைக்கும், கொஞ்சம் நொண்டும்.

ஸ்ரெல்லா இப்போது பல மேடைகளில் பாடுகிறாள். போன மாதம் கூரில் ஒரு பெரிய மண்டபத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னென்ன வேண்டும் என்று கேட்டு வந்த படிவத்தில் அவள் இப்படி எழுதி அனுப்பியிருந்தாள்: மைக் ஒன்று, அக்கோடியன்காரருக்குக் கதிரை ஒன்று, முன் வரிசையில் வதனிக்குக் கிரைண்டர் ஒன்று. அமைப்பாளர் ஒன்றும் விளங்காமல் எனக்கே அழைப்பு எடுத்தார். மேடை உதவியாளர்கள் தூக்கவேண்டும், அதன் நிறை எவ்வளவு என்று கேட்டார்.

"கிரைண்டர் இருபது கிலோ" என்றேன். "நான் எண்பது."

இந்தமுறை உண்மையைச் சொன்னேன்.