என் பெயர் போட்ட சிவப்பு நோட்டீஸ்

யாரும் தேடாத ஆளுக்கு, 'போலீஸ் உன்னைத் தேடுகிறது' என்று சேதி வந்தால் முதலில் பயம் வரும். அப்புறம் கொஞ்சம் பெருமையும் வரும். வராது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

நான் வளைகுடாவில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். கேடுகெட்ட வேலை. லீவு கிடைத்ததும் வேனை விமான நிலைய வாசலில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. எங்கள் ஊர் பேத்துப்பாறையில் பேண்டைத் துவைக்கும்போதுதான் பார்க்கிறேன், வேன் சாவி பையிலேயே கிடக்கிறது. (அறிவு இருந்தால் நான் ஏன் அந்த வேலைக்குப் போகிறேன்?)

அங்கே என்னோடு அறையில் இருந்த சேவியர் போன் செய்தான்.

"ஏலே முருகேசா, நீ வேனைத் திருடிட்டன்னு முதலாளி கேசு குடுத்துட்டான்டா. உன் பேருல ரெட் நோட்டீசு வருமாம்."

"நோட்டீசா? எங்கடா ஒட்டுவாங்க?"

"உலகம் பூரா போடுவாங்களாம்டா" என்று போனை வைத்துவிட்டான் படுபாவி.

எனக்குத் தெரிந்த நோட்டீஸ் எல்லாம் சுவரில் ஒட்டுகிறதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். கதவைத் தட்டினால் பின்பக்கமாகக் காபித் தோட்டத்துக்குள் இறங்கி ஓடுவதாகத் திட்டம். ஒருத்தரும் தட்டவில்லை. போலீஸ் தட்டாதது நல்லது. பக்கத்து வீட்டுக்காரனாவது தட்டியிருக்கலாம் இல்லையா? அம்மா நான் வளைகுடாவில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் ஒளிவதற்கும் வாழ்வதற்கும் வித்தியாசமே இல்லை. உலகமே தேடுகிற ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளூரில் ஒரு நாய் எட்டிப் பார்க்கவில்லை. எரிச்சலாக வந்தது.

பால் தீர்ந்துபோய் ஒரு நாள் விடியலில் வெளியே வந்தேன். ஒரே பனிமூட்டம். டீக்கடைச் சுவரில் சிவப்புக் காகிதம். அதில் என் பெயர், ஊர் பெயரோடு. மற்றதை வாசிக்கிற நிலைமையில் நான் இல்லை. கிழித்தேன். ரேஷன் கடைச் சுவரிலும் இருந்தது, கிழித்தேன். மின்கம்பம், பஸ் நிற்கிற இடம், எதையும் விடவில்லை. பசைகூடக் காயவில்லை.

"ஏலே! என்னலே பண்ணுற?"

திரும்பினால் கோயில் கமிட்டித் தலைவர் பெருமாள் அண்ணன், கையில் பசை வாளியோடு.

"அண்ணே, சத்தியமா நான் வேனைத் திருடல."

"எந்த வேனுடா? மாரியம்மன் திருவிழா நோட்டீச எதுக்குடா கிழிக்கிற?"

கசங்கிய காகிதத்தைப் பிரித்தேன். 'பொங்கல் உபயம்' என்பதற்குக் கீழே என் பெயர். பள்ளங்கியில் வாக்கப்பட்ட என் அக்காவின் வேலை. சேதி கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"தனியாக் கெடக்க. ஊருல ஒருத்தருக்கும் உன் மூஞ்சி ஞாபகமில்ல. பேராவது தெரியட்டும்னு போட்டேன்டா. அதையும் கிழிச்சிட்டியே, வெளங்காதவனே!"

சேவியர் சொன்னதைச் சொன்னேன். கொடைக்கானலுக்கு இழுத்துப்போய் ஒரு வக்கீலம்மா முன்னால் உட்கார வைத்தாள்.

"அது சுவத்துல ஒட்டுறது இல்லைங்க" என்றார் வக்கீலம்மா. "நாட்டுக்கு நாடு போலீஸ் அனுப்பிக்கிற தகவல். இந்தியாவுல அத மட்டும் வச்சு உங்களக் கைது பண்ண முடியாது. அந்த நாடு நம்ம அரசாங்கத்துக்கிட்ட முறையாக் கேக்கணும். மாஜிஸ்திரேட் விசாரிப்பாரு. நீங்க வக்கீல் வச்சு எதிர்த்துப் பேசலாம். அதெல்லாம் தாண்டித்தான் அனுப்ப முடியும். முதல்ல உங்க மேல அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியல."

அப்பாடா என்று எழுந்தேன்.

"ஆனா கோயில் நோட்டீசக் கிழிச்சதுக்கு நம்ம ஸ்டேஷன்லயே புடிக்கலாம். அதுக்கு ஃபாரின் போலீஸ் வேண்டாம்."

அக்கா சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேன் நிற்கிற இடத்தைச் சொல்லி வக்கீலம்மா கம்பெனிக்கு எழுதினார், சாவியையும் அனுப்பிவைத்தார். புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சிவப்பும் வரவில்லை, பச்சையும் வரவில்லை. தண்டனை ஊரில்தான் கிடைத்தது. கிழித்தவனே ஒட்டட்டும் என்று பெருமாள் அண்ணன் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் அது என் சோலி ஆகிவிட்டது. நோட்டீஸ் அச்சாகி வந்ததும் என் கதவைத் தட்டுவார்கள்.

"ஏலே முருகேசா, ஒன்னத்தான்டா தேடுறோம், வெரசா வா!"

நான் உடனே திறப்பதில்லை. இன்னும் ஒரு தடவை தட்டட்டும் என்று கதவுக்குப் பின்னால் நிற்பேன்.