மச்சானின் பங்களாவைச் சுற்றிப் போன பாதை

வவுனியா,
12.3.1982

பெருமதிப்பிற்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு, மைத்துனன் வீரபாகு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மீனம்மாவும் மகள் கமலாட்சியும், என் முழங்காலுக்குக் கீழே உள்ளதைத் தவிர, நல்ல சுகம். அங்கு உங்களுக்கும் தங்கச்சி வடிவம்மாவுக்கும் முருகன் ஒரு குறையும் வைத்திருக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு சந்தோசச் செய்தி. உங்களுக்கு உத்தியோக உயர்வு கிடைத்து ஒரு வருசமாகிறது. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நீங்கள் இப்போது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டி அல்ல, பெரிய கணக்கப்பிள்ளை. பங்களா, ரோசாத் தோட்டம், சமையல்காரன் எல்லாம் கொடுத்திருக்கிறேன். கோபிக்கக்கூடாது. எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு உடுத்த துணியோடு வந்தவனோடு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற ஐயாத்துரையர் சும்மா சம்பந்தம் பண்ணுவாரா? அவர் மகன் பாலனுக்கும் நம்ம கமலாட்சிக்கும் ஒருத்தரையொருத்தர் பிடித்துப்போச்சு. அவருக்குத்தான், "பெட்டை நல்ல பெட்டை, ஆனா ஆக்கள் ஆரெண்டு தெரியேல்லையே" என்று ஓர் இழுவை. அந்த இழுவையை நிறுத்தத்தான் உங்களைக் கணக்கப்பிள்ளை ஆக்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். போன கிழமை மனுசன் ஊர்ச்சனத்தில் பத்துப்பேரைச் சேர்த்துக்கொண்டு சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டார். அட்டன் வரைக்கும் ரயில், அதற்குப் பிறகு நடை, அப்போதுதான் புண்ணியமாம். வழிகாட்டி நான். "வீரபாகு மலையில பிறந்தவர், அவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்" என்று ஸ்டேசனில் வைத்தே அறிவித்துவிட்டார். நான் ஸ்டோருக்குள் தேயிலைத் தூள் சலித்தே காலத்தைக் கழித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வன்னியில் எனக்குப் பிடித்ததே தரை தட்டையாக இருப்பதுதான்.

நோர்வூட் தாண்டும்போதுதான் ரோட்டு நேரே உங்கள் ஒற்றை அறை லயத்து வாசலால் போகிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது, உடனே "ரோட்டால போனா பாதிப் புண்ணியம்தாங்க" என்று சொல்லி எல்லாரையும் தேயிலைக்குள் இறக்கிவிட்டேன், இறக்கினதுதான் தாமதம், மழை பிடிச்சுது, அட்டை ஏறிச்சு, ஐயாத்துரையரின் பெண்சாதி விமலேஸ்வரியம்மா தண்ணி ஓடுற கானுக்குள் வழுக்கி விழுந்தா, தூக்கப்போன நானும் விழுந்தேன், எங்களைத் தூக்கவந்தவர் கையிலிருந்த கட்டுச்சோறு ஆத்தோட போச்சு, இதுக்கு நடுவில ஐயாத்துரையர் "கிட்டத்தானே, மச்சானைப் பாக்காமப் போறதே?" என்கிறார், நீங்கள் தோட்டத்துத் துரையோடு கொழும்புக்குப் போயிருப்பதாகச் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் "வீரபாகர், உந்தப் பாலத்தைக் காலமையும் கண்டனான்" என்றார், "மலைநாட்டுல பாலமெல்லாம் ஒரே அச்சுல வார்த்ததுங்க" என்றேன், மூன்றாம் தடவையும் அதே பாலம் வந்தபோது மனுசன் பாலத்தைக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

இவ்வளவு பாடுபட்டும் என்ன, பனிமூட்டம் விலகிச்சு பாருங்க, நாங்க நிக்கிறது உங்க லயத்துக்கு நேர் மேல. கீழே குழாயடியில தங்கச்சி வடிவு துணி அலசிக்கிட்டு இருக்கு. ஐயாத்துரையர் எட்டிப் பாத்தார். "பாவங்கள், உதுக்குள்ளையும் சனம் சீவிக்குதே? உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?"

"தெரியாதுங்க" என்றேன்.

சத்தம் கேட்டுத் தங்கச்சி நிமிர்ந்து பாத்துச்சு. நான் துண்டை எடுத்து மொகத்துல போட்டுக்கிட்டேன். அஞ்சு வருசத்துக்குப் பிறகு கண்ட தங்கச்சி, மச்சான். அப்புறம் உச்சி வரைக்கும் எல்லாரும் அரோகரா போட்டாங்க, எனக்கு வாய் வரலை. வெக்கமா இருந்துச்சு, அழுதுட்டேன். அட்டை கடின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

எப்படியோ, உங்கள் பதவிக்கு ஒரு பங்கமும் வரவில்லை. பங்களாவை ஒருவரும் காணவில்லை, ஆகவே ஒருவரும் இல்லையென்றும் சொல்லமுடியாது. என்னைக் கண்டதாகத் தங்கச்சி சொன்னால், வேறு யாரோ என்று சொல்லிவிடவும். நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழ அந்த மலையிலேயே வேண்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
நடக்கமுடியாமல் படுத்திருந்து எழுதும்
வீரபாகு

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக, ஐயாத்துரையர் வெற்றிலைத் தட்டத்தோடு வந்துவிட்டார். சம்பந்தம் சரியாம். ஒரேயொரு ஆசையாம். "அந்தக் குளிர் எனக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது. ஆவணியில கலியாணத்தை உங்கட மச்சான்ரை பங்களாவிலையே வைப்பம். எல்லாரும் நடந்தே போவம்!" கமலாட்சி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், என்ன செய்ய, ஓம் என்றுவிட்டேன். பங்களா ஒண்ணு கெடைக்குதான்னு பாருங்க மச்சான். கெடைக்காட்டி லயத்து வாசல்லயே பந்தலப் போடுங்க, தங்கச்சிகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிடுங்க. ஐயாத்துரையருக்கு நான் வழியில சொல்லிக்கிறேன். நடக்கிற தூரம் கொஞ்சம் நீளம்தானே.